லீவு ஒரு நாள், துணைக்கு ஆளில்லை: சூரிச்சிலிருந்து எந்த மலைக்குப் போகலாம்?

ஒவ்வொரு ஒக்டோபரிலும் இரண்டு மூன்று பேராவது என்னிடம் இதைக் கேட்பார்கள். பெரும்பாலும் உணவகச் சமையலறையிலோ முதியோர் இல்லத்திலோ முறை வேலை செய்பவர்கள். சனி, ஞாயிறு வேலை இருக்கும். லீவு செவ்வாயிலோ புதனிலோ வரும். அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் பள்ளி, வீட்டுக்காரருக்கு வேலை. "அக்கா, தனியாக ஒரு மலைக்குப் போய் நடந்துவிட்டு வரலாம் என்று பார்க்கிறேன். எங்கே போகலாம்?"

நானும் இப்படித்தான் தொடங்கினேன். முதல் தடவை போகப் போகிறேன் என்று சொன்னபோது அம்மா தொலைபேசியில், "தனியாவோ? விழுந்தால் ஆர் பார்க்கிறது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் இன்றைக்கும் தள்ளி வைப்பதில்லை. இடத்தைத் தெரிவு செய்யும்போது அதைத்தான் முதலில் வைத்துப் பார்க்கிறேன்.

கேட்கிறவர்கள் சொல்லும் இடங்கள் எப்போதும் நாலுதான். சூரிச்சின் பக்கத்திலேயே இருக்கும் யூட்லிபேர்க், லுட்சேர்ன் ஏரிக்கரையில் உள்ள ரீகி, அப்பென்செல் பக்கத்து எபென்ஆல்ப், கிராவுபுண்டனில் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் வால் த்ருப்ஷுன். படத்தில் பார்த்தால் நாலும் அழகு. தனியாகப் போகிறவருக்கு நாலும் ஒன்றல்ல.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

வெளிச்சம். ஒக்டோபர் நடுவில் சூரிச்சில் சூரியன் மறைவது சுமார் 18:35க்கு. ஒக்டோபரின் கடைசி ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதற்குப் பிறகு நவம்பர் தொடக்கத்தில் 17:10 அளவிலேயே மறைந்துவிடும், மாத நடுவில் 5 மணிக்கும் முன்னால். மலைப் பள்ளத்தாக்கில் இதையும் நம்பக்கூடாது. எதிர்ப்பக்க முகடு வெயிலை மறைத்துவிட்டால் ஒரு மணி நேரம் முன்பே குளிரத் தொடங்கிவிடும். மஞ்சள் பலகையில் போட்டிருக்கும் நடை நேரத்தில் நீங்கள் இருந்து தேத்தண்ணி குடிக்கும் நேரம் சேராது. இலையுதிர் காலத்தில் அதோடு பாதியையும் கூட்டித்தான் நான் கணக்குப் போடுகிறேன். 2 மணி என்றால் எனக்கு 3 மணி.

மூடுபனி. இங்கே இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. யூறா மலைத்தொடருக்கும் ஆல்ப்ஸுக்கும் நடுவிலுள்ள தாழ்வான நிலத்தில் குளிர்ந்த, கனமான காற்று கிண்ணத்தில் தண்ணீர் தேங்குவது போலத் தேங்கி நிற்கும். மேலே சூடு, கீழே குளிர். வாரக்கணக்கில் வீட்டு ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிறம்தான். ஆனால் அந்தப் பனிக்கு ஒரு மேல்மட்டம் உண்டு. பல நாட்களில் அது 800 – 1,000 மீற்றரில் நிற்கும். வடகிழக்கிலிருந்து பீஸே காற்று அடித்தால் 1,500 வரைகூட ஏறும். மீற்றியோஸ்வைஸ் வானிலை அறிக்கையில் அந்த எண்ணைக் கொடுத்திருப்பார்கள். 'நேபெல்ஓபர்கிரென்ட்ஸே' (மூடுபனியின் மேல்மட்டம்) என்ற சொல்லைத் தேடுங்கள். முதல் நாள் இரவே அதைப் பார்த்துவிட்டால் பாதி முடிவு முடிந்துவிடும்.

நடுவில் இறங்கும் வழி. கால் வலித்தால், மழை வந்தால், மனம் ஒப்பாவிட்டால் எத்தனை நிமிடத்தில் ஒரு ரயிலையோ பஸ்ஸையோ பிடிக்கலாம்?

தரை. மஞ்சள் வைரக்குறி போட்ட பாதை சாதாரண நடைபாதை. வெள்ளை–சிவப்பு–வெள்ளைக் கோடு என்றால் மலைப்பாதை: செங்குத்தான இடங்களும் விழுந்தால் ஆபத்தான இடங்களும் இருக்கும். ஜூலையில் காய்ந்து கிடக்கும் அதே பாதையில் ஒக்டோபரில் ஈர இலை மூடியிருக்கும். நிழல் விழும் பக்கத்தில் பலகைப் பாலத்தின் மேல் உறைபனி மதியம் வரை இருக்கும்.

கேபிள் கார் ஓடுகிறதா? ஒக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை பல இடங்களில் 'ரெவிசியோன்' (பராமரிப்பு வேலை) என்று நிறுத்திவிடுவார்கள். மலை விடுதிகளும் மூடிவிடும். கோடையில் போய்வந்த சிநேகிதி சொன்னதை வைத்துக்கொண்டு புறப்படக்கூடாது.

| | யூட்லிபேர்க்–ஃபெல்செனெக் | ரீகி ஷைடெக்–கால்ட்பாத் | எபென்ஆல்ப்–சேஆல்ப்சே | வால் த்ருப்ஷுன் |
|---|---|---|---|---|
| உயரம் | சுமார் 870 மீ | சுமார் 1,430 – 1,660 மீ | 1,640 இலிருந்து 1,141 மீ | 1,670 இலிருந்து 2,040 மீ |
| சூரிச்சிலிருந்து | அரை மணிக்கும் குறைவு | கோல்டாவுக்கு முக்கால் மணி, பிறகு மலை ரயில் | சுமார் 2 மணி | சுமார் 3 மணி |
| நடை | ஒன்றரை – 2 மணி | சுமார் 2 மணி | சுமார் 2 மணி, இறக்கம் | 5 மணிக்கு மேல் |
| தரை | அகலமான காட்டுப்பாதை | கிட்டத்தட்ட மட்டமான பாதை | செங்குத்து, சுண்ணக்கல் | நல்ல பாதை, ஆனால் நீளம் |
| நடுவில் இறங்க | பல இடங்கள் | இரு முனையிலும் | இல்லை என்றே சொல்லலாம் | வந்த வழிதான் |
| பனிக்கு மேலே? | பெரும்பாலும் இல்லை | பெரும்பாலும் ஆம் | மேல்பாதி ஆம் | அந்தப் பனியே அங்கில்லை |

## யூட்லிபேர்க்: முதல் தடவை தனியாகப் போகிறவருக்கு

சூரிச் பெரிய ஸ்டேஷனிலிருந்து எஸ்10 ரயில் கிட்டத்தட்ட உச்சிக்கே கொண்டுபோய் விடும். அங்கிருந்து முகட்டோரமாக ஃபெல்செனெக் வரை நடந்து, கேபிள் காரில் அட்லிஸ்விலுக்கு இறங்கி, எஸ்4 பிடித்து வீட்டுக்கு. நகரப் போக்குவரத்து ரிக்கெற்றே கேபிள் காருக்கும் செல்லும். வேலை நாளில் காலை 9 மணிக்குப் பிறகு புறப்பட்டால் 9 மணி நாள் ரிக்கெற் போதும்.

வழி முழுக்க கோள்களின் மாதிரிகளைக் கல்லில் பதித்து வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு மீற்றர் என்றால் விண்வெளியில் 10 லட்சம் கிலோமீற்றர். சூரியனிலிருந்து 150 மீற்றரில் பூமி வந்துவிடும். புளூட்டோவுக்குக் கிட்டத்தட்ட 6 கிலோமீற்றர் நடக்க வேண்டும். தனியாக நடக்கிறவருக்கு இது நல்ல துணை; அடுத்தது எப்போது வரும் என்று மனம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போகும்.

இங்கே மறைந்திருக்கும் செலவு மூடுபனிதான். 870 மீற்றர் என்பது பல நாட்களில் பனியின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே. ஏரியும் ஆல்ப்ஸும் தெரியும் என்று போனவர் பத்தடி தூரத்து மரத்தைத்தான் பார்ப்பார். வெயில் தேடிப் போகிறவருக்கு நவம்பரில் இந்த இடம் சரிவராது.

ஆனாலும் முதல் தடவை தனியாகப் போகிற யாரையும் நான் இங்கேதான் அனுப்புவேன். நாய் கூட்டிக்கொண்டு வருபவர்கள், ஓடுகிறவர்கள் என்று எந்த நேரமும் ஆள் நடமாட்டம் இருக்கும். தனியாக நடக்கும்போது உங்களுக்குப் பயம் எந்த இடத்தில் வருகிறது, எப்போது களைக்கிறது, எத்தனை மணிக்குப் பசிக்கிறது என்பதெல்லாம் இந்த 2 மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். அது தெரியாமல் 3 மணி நேரம் ரயிலில் போய் இறங்கக்கூடாது.

## ரீகி: பனியில் மூழ்கிக் கிடப்பவருக்கு

என்னிடம் ஒரே ஒரு இடம் சொல்லச் சொன்னால் ரீகிதான்.

1871இல் ஏரிக்கரை ஊரான விட்ஸ்னாவிலிருந்து இங்கே போட்ட பல்சக்கர ரயில்தான் ஐரோப்பாவின் முதல் மலை ரயில். நாலு வருடத்தில் கோல்டாப் பக்கமிருந்தும் ஒன்று வந்தது. அதே காலத்தில் கால்ட்பாத்திலிருந்து ஷைடெக் வரை மலையின் தோளோடு ஒரு சின்ன ரயில் பாதையும் போட்டார்கள். 1931இல் அது நின்றுபோனது. தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள், பாதை மட்டும் மிச்சம். ரயில் ஏறுவதற்காகச் சீராக வெட்டிய பாதை என்பதால் முழங்கால் வலி உள்ளவரும் நடக்கலாம். ஒரு சின்ன சுரங்கமும் ஒரு பழைய இரும்புப் பாலமும் வழியில் வரும். ஏழு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு.

பலரும் கால்ட்பாத்தில் தொடங்கி ஷைடெக்கில் முடிப்பார்கள். தனியாகப் போகிறவர் மறுபக்கமிருந்து தொடங்குவது நல்லது. கோல்டாவிலிருந்து மலை ரயிலில் க்ரேபெல் வரை போய், அங்கே கேபிள் காரில் ஷைடெக்குக்கு ஏறி, கால்ட்பாத்தை நோக்கி நடக்க வேண்டும். காரணம் எளிது. ஷைடெக்கில் கீழே போக ஒரே ஒரு கேபிள் கார். அது நின்றுவிட்டால் இருட்டில் நெடுநேரம் கால்நடையாக இறங்க வேண்டும். கால்ட்பாத்திலோ விட்ஸ்னாவுக்கு மலை ரயில் இருக்கிறது, வெக்கிஸுக்குக் கேபிள் கார் இருக்கிறது. நாள் முடியும் இடத்தில் இரண்டு கதவு திறந்திருக்கும். காலையில் க்ரேபெல் கேபிள் கார் ஓடவில்லை என்றால் அப்போதே தெரிந்துவிடும். ரயிலில் ஷ்டாஃபெல் வரை ஏறி அங்கிருந்து கால்ட்பாத்துக்கு நடந்துவிட்டு வரலாம்.

போன நவம்பரில் ஒரு செவ்வாய். மூன்று வாரமாக வெயிலே இல்லை. மலை ரயிலில் என்னோடு ஏழெட்டுப் பேர், எல்லோரும் வயதானவர்கள். ஜன்னல் முழுக்க வெள்ளை. மரங்கள் நிழல் போல வந்து வந்து போயின. அப்புறம் அந்த வெள்ளை மெதுவாக மஞ்சளாக மாறியது. யாரோ "யெட்ஸ்ட்" (இப்போ) என்றார். அடுத்த வளைவில் ரயில் பனியை விட்டு வெளியே வந்தது. நீல வானம். பெட்டியில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஜாக்கெட் ஸிப்பைக் கீழே இழுத்த சத்தம் கேட்டது. கீழே பார்த்தால் ஏரியும் இல்லை, ஊரும் இல்லை. ஒரு வெள்ளைக் கடல், அதில் பிலாத்துஸ் மலை ஒரு தீவு. பருத்தித்துறைக் கடலைப் பார்த்து வளர்ந்தவள் நான். அலை அடிக்காத கடல் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

குறை என்ன? பணம். மலை ரயிலும் கேபிள் காரும் சேர்ந்தால் கை கடிக்கும். ஹல்ப்டாக்ஸ் (அரைக் கட்டண அட்டை) இல்லாமல் போகவே போகாதீர்கள். இன்னொன்று, வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமையில் ஊரே அங்கே நிற்கும். வார நாளில் லீவு கிடைப்பவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. பீஸே பலமாக அடித்து மேல்மட்டம் 1,500 என்று போட்டிருந்தால் நடையில் ஒரு நல்ல பகுதி பனிக்குள்ளேயே போய்விடும். அன்றைக்குக் கூல்ம் உச்சி வரை ரயிலிலேயே ஏறிவிடுங்கள். அது கிட்டத்தட்ட 1,800 மீற்றர்.

## எபென்ஆல்ப்: அழகுக்குக் குறைவில்லை, தனியாக வேண்டாம்

பாறைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஏஷெர் விடுதியின் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வாஸரவுவென் வரை ரயில், பிறகு கேபிள் கார், வில்ட்கிர்ஹ்லி குகை வழியாக விடுதிக்கு, அங்கிருந்து சேஆல்ப்சே ஏரிக்கு இறக்கம். 1658 முதல் 1853 வரை துறவிகள் வாழ்ந்த குகை அது. குகைக் கரடியின் எலும்புகளும் ஆதி மனிதரின் கல்லாயுதங்களும் கிடைத்த இடம்.

படத்தில் தெரியாதது விடுதிக்குக் கீழே இருக்கும் பாதை. வெள்ளை–சிவப்பு–வெள்ளை. ஒக்டோபர் கடைசியில், முதல் நாள் மழை பெய்து விட்டிருந்த ஒரு புதன்கிழமை நான் அதில் இறங்கினேன். பல்லாயிரம் சப்பாத்துகள் தேய்த்த சுண்ணக்கல், சோப்புத் தேய்த்த மாதிரி இருக்கும். அதன் மேல் ஈர இலை. குதிகால் எந்தக் கல்லில் வழுக்கியது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கம்பி வடத்தை ஒரு கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன், சரிவின் விளிம்பு கால் நீட்டினால் எட்டும் தூரத்தில். மற்றக் கை மணிக்கட்டு எரிந்தது. இருபது நிமிடம் அந்தப் பாதையில் ஒருவரும் வரவில்லை. அந்த இருபது நிமிடத்தில் அம்மாவின் கேள்வி காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. எழுந்து, கீழே போகாமல் வந்த வழியே மேலே ஏறிக் கேபிள் காரைப் பிடித்தேன். அந்தப் பாதையில் விழுந்து உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

செப்டெம்பரில், ஒரு வாரம் மழையில்லாமல் காய்ந்திருந்தால், கூட ஒருவர் இருந்தால் போங்கள். தனியாக என்றால் மேலே போகாமல் வாஸரவுவெனிலிருந்து சாதாரணத் தெருவில் ஒரு மணி நேரம் ஏறி ஏரிக்குப் போய் அதே வழியில் திரும்பலாம். ஏற்றம் கொஞ்சம் மூச்சு வாங்கும், ஆனால் விழுகிற இடம் இல்லை. காற்றில்லாத காலையில் சுற்றியுள்ள பாறை முகடுகள் தலைகீழாகத் தண்ணீரில் நிற்பதைப் பார்க்கலாம்.

## வால் த்ருப்ஷுன்: வருடத்துக்கு ஒரு நாள் ஒதுக்க முடிந்தவருக்கு

1914இல் தொடங்கிய சுவிஸ் தேசியப் பூங்காவின் ஒரு பள்ளத்தாக்கு இது. செப்டெம்பர் நடுவிலிருந்து ஒக்டோபர் தொடக்கம் வரை செம்மான்களின் இணை சேரும் காலம். கிடாய்கள் கத்தும். மாடு கதறுவதற்கும் சிங்கம் உறுமுவதற்கும் நடுவில் ஒரு சத்தம். அது பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் மோதித் திரும்பி வரும். பூங்காவுக்குள் வேட்டை கிடையாது. வெளியே கிராவுபுண்டனில் செப்டெம்பர் வேட்டைக்காலம். அது மான்களுக்குத் தெரியும், அதனால்தான் இங்கே இத்தனை சேர்கின்றன. மான் சத்தத்தோடு லார்ச் மரங்களின் தங்க நிறமும் வேண்டும் என்றால் ஒக்டோபர் முதல் இரண்டு வாரத்தில் ஒரு நாளைப் பிடிக்க வேண்டும். நிறம் முழுதாக ஏறுவது மாத நடுவில். அப்போது மான்கள் அடங்கிப்போயிருக்கும்.

தனியாகப் போனாலும் இங்கே தனிமை தெரியாது. ஆல்ப் த்ருப்ஷுனில் தொலைநோக்கியோடு ஆட்கள் புல்லில் இருப்பார்கள், ஒருவரும் சத்தம் போட்டுப் பேச மாட்டார்கள். பக்கத்தில் இருந்தவர் தன் தொலைநோக்கியை என்னிடம் தந்து விரலால் திசை காட்டினார். கிடாய் கழுத்தை நீட்டிக் கத்தும்போது வாயிலிருந்து ஆவி முதலில் வந்தது, சத்தம் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தது.

செலவுக் கணக்கு இங்கேதான் கடினம். நடை தொடங்கும் ஊரான ஸ்-ஷான்ஃபுக்கு 3 மணி, திரும்ப 3 மணி, நடை 5 – 6 மணி. காலை 6 மணிக்கு வீட்டை விட்டால் இரவு சமைக்க ஆளிருக்காது. அடுத்த நாள் அதிகாலை முறை வேலை என்றால் போகாதீர்கள். ரிக்கெற்றுக்கு நல்ல வழி உண்டு: கெமைண்டேயில் (ஊராட்சி அலுவலகத்தில்) விற்கும் நாள் ரிக்கெற், ஹல்ப்டாக்ஸ் உள்ளவர் 10 நாட்களுக்கு முன்பே வாங்கினால் 39 பிராங். ஆனால் வாங்கிய பிறகு மழை வந்தால் பணம் போச்சு. பள்ளத்தாக்குக்குள் தொலைபேசிச் சிக்னலை நம்ப முடியாது. பாதையை விட்டு ஒரு அடி விலகினாலும் தண்டம். வெண்பனி விழுந்தால் பூங்காவே மூடிவிடும்.

## விழுந்தால் யார் செலவு?

இதை ஒருவரும் கேட்பதில்லை, கேட்க வேண்டியது இதுதான். ஒரே முதலாளியிடம் வாரத்துக்கு 8 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்தால், வேலை நேரத்துக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் அந்த வேலையின் காப்புறுதி பொறுப்பு. மூன்று வீட்டில் மூன்று மூன்று மணி நேரம் துப்புரவு வேலை செய்கிற ஒருவருக்கு அது கிடையாது. அவர் தன் கிராங்கன்காஸையில் (மருத்துவக் காப்புறுதியில்) விபத்தையும் சேர்த்திருக்க வேண்டும். அப்படியும் அடிப்படைக் காப்புறுதி மலையிலிருந்து மீட்கும் செலவில் பாதியைத்தான் தரும், வருடத்துக்கு அதிகபட்சம் 5,000 பிராங். ஹெலிகொப்டர் வந்தால் அது போதாமல் போகலாம். ஹெலிகொப்டரில் மீட்கும் அமைப்பான ரேகாவுக்கு வருடம் 40 பிராங் கட்டி ஆதரவாளராகச் சேர்ந்துவிடுங்கள். காப்புறுதி தராத மீட்புச் செலவை அவர்கள் விட்டுக்கொடுக்க முடியும்.

## அப்போ, யார் எங்கே?

இதுவரை தனியாகப் போனதே இல்லை என்றால் யூட்லிபேர்க். நவம்பர், வீட்டில் வெயில் இல்லை, பனி மேல்மட்டம் 1,200க்குக் கீழே என்றால் யோசிக்காமல் ரீகி. ஒக்டோபர் முதல் பாதி, அடுத்த நாளும் லீவு, காலநிலை நிச்சயம், ரீகியைப் போல ஓரிரு இடத்துக்குத் தனியாகப் போய்ப் பழகியவர் என்றால் வால் த்ருப்ஷுன். எபென்ஆல்ப்பை ஒரு சிநேகிதியோடு போகும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போனாலும் என் பையில் தலையில் கட்டும் லைட், ஒரு மழைச் சட்டை, போத்தலில் இஞ்சித் தேத்தண்ணி, பாணும் இடிசம்பலும் இருக்கும். புறப்படும் முன் ஒரு துண்டு எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடுவேன். போன ஒக்டோபரில் எழுதியது இன்னும் அங்கேயே ஒட்டியிருக்கிறது: "ரீகி. ஷைடெக்கிலிருந்து கால்ட்பாத். மதியம் 1 மணிக்குள் பாதித் தூரம் போகாவிட்டால் திரும்பிவிடுவேன். 6 மணிக்கு அழைப்பேன். 7 மணி வரை அழைக்காவிட்டால் எனக்கு எடுங்கோ. எடுக்காவிட்டால் ரேகா 1414. சோறு அடுப்பில் இருக்கு."